கடைசி வரியைச் சொல்ல மறுத்த லெமுவல் ட்ராஸ்க்

எந்த நாடகத்திலும் காட்டாத கம்பீரத்தை இந்த நாற்காலியில் அமர்ந்ததும் காட்டத் தொடங்கிவிட்ட அவைத்தலைவர் அகஸ்டஸ் ஃபென்விக் அவர்களே! மாலையில் அரியணையில் அமர்ந்து, மறுநாள் காலையில் இடமில்லாத ரயிலில் நின்றபடியே அடுத்த ஊருக்குப் போன அருமைப் பெரியோர்களே! அன்னை வேடம் ஏற்று அழவைத்த தாய்மார்களே! அன்னை வேடம் கொடுத்தால் அடிக்க வந்த தாய்மார்களே! பின்வரிசை மேஜையில், பேசும் படங்களால் பிழைத்துக்கொண்டு, பேசாமல் அமர்ந்திருக்கும் இளைஞர்களே! நியூயார்க் நகரத்துப் பழைய நடிகர் சங்கத்தின் உறுப்பினர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜோசையா வின்ஷிப். வாழ்நாள் முழுதும் கிழவனாக நடித்தவன். இப்போது நடிக்க வேண்டிய சிரமம் இல்லை.

சென்ற மாதம் மறைந்த லெமுவல் ட்ராஸ்க்கைப் பற்றிப் பேச வேண்டும் என்று தலைவர் என்னை அழைத்தார். "ஏன் நான்?" என்று கேட்டேன். "அந்த மனுஷன உங்க அளவுக்கு நெனச்சுக்கிட்டே இருந்தவங்க வேற யாரு இருக்காங்க வின்ஷிப்?" என்றார். உண்மைதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் அவரை நினைக்காத வாரம் ஒன்றில்லை. அன்பினால் நினைத்தேன் என்று எண்ணிவிடாதீர்கள்.

என்ன? சத்தமாகப் பேச வேண்டுமா? யாரது, மாடி வரிசையா? ஐயா, கூரை அதிரப் பேசிப் பழகிய குரல் இது. நீங்கள் கேட்டுவிட்டீர்கள் அல்லவா? பிறகு குறை சொல்லாதீர்கள்.

அந்தப் பின்வரிசை இளைஞர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எங்கள் காலத்து நாடகக் கம்பெனியில் ஆளுக்கு ஓர் இடம் உண்டு. ஒரு நாயகன், ஒரு நாயகி, ஒரு வில்லன். அவர்களோடு ஒரு 'முதல் கிழவர்'. நாடகத்தில் யாராவது ஒருவர் தந்தையாக, நீதிபதியாக, கர்னலாக, பாதிரியாராக, பணக்கார மாமாவாக வந்தால், அது முதல் கிழவரின் வேலை. வாரத்துக்கு ஒரு நாடகம் மாறும். தாடி மாறும். கிழவர் மாறமாட்டார். ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு முதல் கிழவர்தான். இரண்டு பேரை வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் மனம் வராது.

ட்ராஸ்க்கும் முதல் கிழவர். நானும் முதல் கிழவர். இப்போது புரிகிறதா என் துயரம்? அவர் இருக்கும் கம்பெனியில் எனக்கு இடமில்லை. நான் இருக்கும் கம்பெனியில் அவருக்கு இடமில்லை. அவர் டொலீடோவில் மேடை ஏறும் அதே வேளையில் நான் ஸ்க்ராண்டனில் ஏறுவேன். அவருக்கும் ஒரு மாலை ஓய்வில்லை, எனக்கும் இல்லை. ஆகவே அன்பர்களே, முப்பது ஆண்டுகள் ஒருவரை ஒருவர் எரிச்சலோடு எண்ணிக்கொண்டிருந்த நாங்கள், ஒருவர் நடித்து மற்றவர் பார்த்ததே இல்லை! பார்க்காமலே பகையா என்று கேட்பீர்கள். பார்த்தால் பகை குறைந்துவிடுமே, அதனால்தான் பார்க்காமலே வளர்த்தோம்.

பார்க்கவில்லையே தவிர, கேட்டேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. கேட்கவைத்தவர் இதோ முன்வரிசையில் விசிறியோடு வீற்றிருக்கிறார், திருமதி ஹென்ரியெட்டா லூமிஸ் அம்மையார். ஒரு பருவம் ட்ராஸ்க்குக்கு மனைவியாக நடிப்பார், மறு பருவம் எனக்கு மனைவியாக நடிப்பார். நான் ஒத்திகையில் உயிரைக் கொடுத்து ஒரு வசனம் பேசி முடித்ததும், பின்னிக்கொண்டிருக்கும் காலுறையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: "நல்லாத்தான் இருக்கு. ட்ராஸ்க்கா இருந்தா அந்த எடத்துல கைத்தடிய நாற்காலியில சாய்ச்சு வெச்சிருப்பாரு."

அம்மையார் தலையை ஆட்டுகிறார். "நான் அப்படிச் சொல்லவே இல்ல!" என்கிறார். சொன்னீர்கள் அம்மா. பியோரியாவில் சொன்னீர்கள். அன்று முழு நாடகத்திலும் நான் கைத்தடியைக் கையை விட்டு இறக்கவே இல்லை. காபி குடிக்கும் காட்சியில்கூட இறக்கவில்லை. கோப்பை நழுவி உங்கள் பாவாடையில் கொட்டியது. அதுவாவது நினைவிருக்கிறதா?

நினைவிருக்கிறதாம். மகிழ்ச்சி.

ட்ராஸ்க் எப்படிக் கிழவரானார்? பிறப்பிலேயே கிழவரா? இல்லை. இருபத்திரண்டு வயதில், தலை நிறைய முடியோடு, காதலன் வேடம் போட வந்த கட்டிளங்காளை! இண்டியானா மாநிலத்து டெர் ஹோட் நகரில், அந்தக் கம்பெனியின் முதல் கிழவர் பெட்டிபோன் என்பவர், தொப்பிக் கடைப் பெண்ணோடு காலை ரயிலில் ஓடிப்போனார். எழுபது வயதுக் கிழவராக நடித்தவருக்கு உண்மையில் நாற்பதுதான் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. கம்பெனி முதலாளி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கண் ட்ராஸ்க் மேல் விழுந்தது.

"தம்பி, உனக்கு முதுகு வலி உண்டா?"

"இல்லைங்களே."

"இன்னைக்கு சாயங்காலத்துலேருந்து உண்டு."

அவ்வளவுதான். அன்று ஒட்டிய தாடி அவரை விட்டு அகலவே இல்லை. அன்று மாலை அவருடைய மகளாக நடித்தவருக்கு நாற்பத்தைந்து வயது. ட்ராஸ்க் இருமிய இருமலில் முன்வரிசை மருத்துவர் ஒருவர் இடைவேளையில் மருந்துப் பையோடு உள்ளே வந்துவிட்டார் என்பார்கள். இதுவும் நான் கேட்டதுதான். நான் நம்பவில்லை. எத்தனையோ ஊரில் நானும் இருமியிருக்கிறேன், ஒரு மருத்துவரும் வரவில்லையே!

பிறகு வந்தது படம். பேசாத படம். இன்று படத்தில் நடிப்பது பெருமை. அன்று? ஆற்றைக் கடந்து நியூஜெர்ஸிப் பக்கம் போய்ப் படத்தில் நடித்தவன் என்று தெரிந்தால், நாடக முதலாளிகள் நம்மைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஆனால் கோடையில் நாடகக் கொட்டகைகள் மூடியிருக்கும். வயிறு மூடியிருக்குமா? ஒரு ஜூலை மாதக் காலை, படகில் ஏறினேன். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்து அமர்ந்தேன். எதிர் இருக்கையிலும் ஒரு செய்தித்தாள். அதன் கீழே ஒரு சோடி பழைய பூட்ஸ். நடிகனின் பூட்ஸை நடிகன் அறியமாட்டானா? மேலே மட்டும் மினுக்கு, அடியில் ஓட்டை. படகு ஆடியது. இரண்டு தாள்களும் ஒரே நேரத்தில் இறங்கின. எதிரே ட்ராஸ்க்! நாடக விளம்பரத்தாள்களில் அவர் படத்தைப் பார்த்துப் பார்த்து முகம் எனக்கு மனப்பாடம்.

"எங்க இந்தப் பக்கம், வின்ஷிப்?" என்றார்.

"சித்தி வீட்டுக்கு. ஒடம்பு சரியில்ல. நீங்க?"

"எனக்கும் சித்தி ஒருத்தங்க அந்தப் பக்கம்தான் இருக்காங்க."

"அவங்களுக்கும் ஒடம்பு சரியில்லையா?"

"கோடையில மட்டும்."

கரை இறங்கினோம். அவர் சித்தி வீட்டுக்கு இடப்பக்கம் போனார், நான் வலப்பக்கம் போனேன். சந்து சுற்றி இருவரும் ஒரே ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றோம். காவலாளி இருவருக்கும் ஒன்றாகக் கதவைத் திறந்தார். ஆனால் அங்கேயும் அவர் ஒரு படத்தில், நான் வேறு படத்தில், நடுவே ஒரு சுவர். அன்றும் அவர் நடித்து நான் பார்க்கவில்லை.

அவருடைய முதல் நாள் படம் வெட்கக்கேடாக முடிந்தது. மேடையில் நாங்கள் சுருக்கங்களைச் செம்பழுப்புச் சாயத்தில் இழுப்போம். எட்டத்திலிருந்து பார்த்தால் எண்பது வயது. அந்தக் காலத்துப் படச்சுருளுக்குச் சிவப்பு என்றால் கறுப்பு. படத்தைப் போட்டுப் பார்த்தால், ட்ராஸ்க்கின் முகமெங்கும் கன்னங்கரேலென்று கம்பிகள். யாரோ அவரைச் சிறையில் அடைத்த மாதிரி இருந்தது என்றார்கள். எனக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம் வந்தது. பிறகுதான் என் படத்தையும் போட்டுக் காட்டினார்கள்.

அவர் கற்றுக்கொண்டார். சாயத்தைக் குறைத்தார், சைகையைக் குறைத்தார். ஆண்டுக்கு ஆண்டு அவர் பெயர் படங்களில் பெரிதாயிற்று. அவர் படம் ஓடிய கொட்டகை இருந்த தெருவில்கூட நான் நடக்கமாட்டேன். அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன். மழையிலும் சுற்றிப் போயிருக்கிறேன். பிடிவாதம் என்று பெயர் வையுங்கள், பொறாமை என்று பெயர் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே பூட்ஸ்தான் தேய்ந்தது.

பிறகு படம் பேசத் தொடங்கியது. ஊமையாக இருந்தவரைக்கும் உலகையே ஆண்டவர்கள் பலர், வாயைத் திறந்ததும் வேலையை இழந்தார்கள். மேடைக் குரல் வேண்டும், மேடைக் குரல் வேண்டும் என்று ஸ்டுடியோக்கள் தவித்தன. இனி நம் காலம் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அவர்களுக்கு வேண்டியது இளைஞரின் மேடைக் குரல். கிழவர்கள் குறைவாகத்தான் தேவைப்பட்டார்கள். அதற்குள் பங்குச் சந்தை சரிந்தது, நாடகக் கம்பெனிகள் வரிசையாகக் கலைந்தன. அந்தக் குளிர்காலத்தை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இலையுதிர் காலம் முழுவதும் எனக்கு வேலை இல்லை. ட்ராஸ்க்குக்கும் இல்லை என்று கேள்விப்பட்டேன். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இப்போது, இளைஞர்களே, இன்னொன்றைக் கேளுங்கள். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் சொல்லக் கூடாது. திரை விழுவதற்கு முன் வரும் அந்த இறுதி வசனம், அதை வாய்க்குள் வைத்திருக்க வேண்டும். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் விரலைச் சொடுக்குவோம், அல்லது தலையை அசைப்போம், அவ்வளவுதான். அவை வந்து அமர்ந்து, விளக்கு எரிந்து, நாடகம் உண்மையாகவே அரங்கேறும் அன்றுதான் அந்த வரி வெளியே வரலாம். அதற்கு முன்பே சொல்லிவிட்டால்? ஆரம்பிக்கும் முன்பே நாடகத்தை முடித்துவிட்டாய் என்று பொருள். முடித்த நாடகம் எப்படி ஓடும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அக்ரனில் ஒரு முதலாளி இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லி, ஒத்திகையிலேயே அந்த வரியைச் சொல்ல வைத்தார். அரங்கேறிய அன்று கொட்டகைக் கூரையில் பாதி மேடைக்கு வந்துவிட்டது. தற்செயல் என்பீர்கள். நீங்கள் அந்தக் கூரைக்குக் கீழே நிற்கவில்லை, நான் நின்றேன்.

ஜனவரி மாதம். நான் தங்கியிருந்த விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஆற்றுக்கு அப்பால், லாங் ஐலண்ட் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றிலிருந்து. "ஒரு கிழவர் வேணும். வசனம் பேசத் தெரிஞ்சவரா வேணும். இப்பவே வர முடியுமா?" முடியுமாவா? தொலைபேசியைச் சரியாக வைத்தேனா என்றுகூடத் தெரியாது. ரயிலில் ஏறினேன். போனதும் ஒரு பழுப்புக் கம்பளிச் சட்டையைக் கொடுத்து மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன். படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழைந்தேன். அங்கே அதே பழுப்புக் கம்பளிச் சட்டையில், ஒரு வீட்டு வாசற்கதவின் பக்கத்தில், இன்னொரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். லெமுவல் ட்ராஸ்க்.

யாருடைய இடத்துக்கு என்னை அழைத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்பர்களே, மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உள்ளங்கால் வரை மகிழ்ச்சி.

நடந்தது இதுதான். படத்தில் ட்ராஸ்க் ஒரு நீதிபதி. தன் மகனுக்குத் தானே தண்டனை விதித்தவர். மகன் சிறையிலிருந்து திரும்பி வாசலில் வந்து நிற்கிறான். கிழவர் கதவைத் திறக்கிறார். நீண்ட நேரம் பார்க்கிறார். பிறகு ஒரே ஒரு வரி சொல்கிறார்: "உள்ள வா. சூப் ஆறுது." படம் முடிகிறது. இந்தப் படம் நன்றாக அமைந்தால், அந்த ஆண்டு முழுவதும் தன் எல்லாப் படங்களிலும் அவரையே வைத்துக்கொள்வதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். ஓராண்டு வேலை! அந்தக் குளிர்காலத்தில் அது எங்களைப் போன்றவர்களுக்கு ராஜாங்கம்.

இயக்குநர் பிரென்டிஸ். சின்ன வயது. கெட்டவர் அல்லர், அவசரக்காரர். ஒலிவாங்கி எங்கே தொங்க வேண்டும், குரல் எவ்வளவு உயரும் என்று ஒலிக்காரர் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து கேட்டுச் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒத்திகையில் எல்லா வசனமும் சொல்லியாக வேண்டும். ட்ராஸ்க் எல்லாம் சொன்னார். கடைசி வரி வந்ததும் விரலைச் சொடுக்கினார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி சொடுக்கினார். கிழவருக்கு வசனம் மறந்துவிட்டது என்று முதலில் நினைத்தார்களாம். வசனத்தை எழுதி ஒரு பலகையில் தூக்கிப் பிடித்தார்களாம். அதையும் பார்த்துவிட்டுச் சொடுக்கினாராம். அதன் பிறகுதான் எனக்கு அழைப்பு.

நான் உள்ளே வந்தபோது பிரென்டிஸ் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ட்ராஸ்க், இது நாடகம் இல்ல, படம். இங்க அரங்கேற்றமே கிடையாது. அவை வர்றது எப்போ தெரியுமா? ஏப்ரல்ல. அதுவரைக்கும் நான் கேமராவ வெச்சுக்கிட்டு காத்திருக்கவா?"

"கேமரா ஓடட்டும் தம்பி, சொல்றேன். ஒத்திகையில மட்டும் கேக்காதீங்க."

"ஒத்திகையில சொல்லலைன்னா ஒலி பதியாது. பதியலைன்னா படம் இல்ல. படம் இல்லைன்னா நீங்க இல்ல. இதோ வந்துட்டாரு பாருங்க. மிஸ்டர் வின்ஷிப், இவரு எடத்துல நில்லுங்க."

ட்ராஸ்க் என்னைப் பார்த்தார். கதவோரத்திலிருந்து விலகினார். நான் போய் நின்றேன். மகனாக நடித்த இளைஞர் வந்தார். கதவைத் திறந்தேன். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன் என்றுதான் இன்றும் சொல்வேன். வாயைத் திறந்தேன்.

வரவில்லை.

வரி தெரியும். குழந்தைக்குக்கூடச் சொல்ல வரும் வரி. என் எதிரே ஓராண்டு வேலை. என் பின்னே, காலியான இலையுதிர் காலம். என் பக்கத்தில், முப்பது ஆண்டுகளாக நான் வீழ்த்த நினைத்த மனிதர். சொல்லிவிடு ஜோசையா, சொல்லிவிடு, இங்கே கூரை இரும்புக் கூரை, விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்பர்களே, எது என்னைத் தடுத்தது? பயமா? பழக்கமா? பித்தா? இன்றுவரை எனக்குத் தெரியாது. வாழ்நாளில் ஒருமுறைகூட, அவை இல்லாத இடத்தில் நான் நாடகத்தை முடித்ததில்லை. என் கை தானாக உயர்ந்தது. விரல் தானாகச் சொடுக்கியது.

கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஒலிக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு பிரென்டிஸின் குரல்: "ஐயோ கடவுளே, இந்த ஆளும் அதே ஜாதியா!"

மேலே விளக்குப் பரணில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ட்ராஸ்க் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது.

"மிஸ்டர் வின்ஷிப், நன்றி. நீங்க போகலாம்" என்றார் பிரென்டிஸ். உதவியாளரிடம் திரும்பி, "மேடையே ஏறாத ஒரு கிழவனா பாத்துப் பிடிச்சிட்டு வாங்கய்யா. தெருவுல போறவனா இருந்தாலும் பரவாயில்ல" என்றார்.

நான் கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். அப்போது ட்ராஸ்க் கேட்டார்: "தம்பி, ஒரு நிமிஷம். இவர வேலையிலேருந்து அனுப்பிட்டீங்களா?"

"ஆமா."

"அப்போ இவரு இனிமே நம்ம ஆளு இல்ல. சரிதானே?"

"என்ன சொல்ல வர்றீங்க?"

"அந்த விளக்குப் பசங்க நம்ம ஆளுங்க. ஒலிக்காரரு நம்ம ஆளு. நீங்களும் நம்ம ஆளு. நாமெல்லாம் திரைக்குப் பின்னாடி நிக்கிறவங்க, கணக்குல வரமாட்டோம். ஆனா இவரு இப்போ வெளி ஆளு. டுலூத்துல பனிப்புயல் அடிச்ச அன்னைக்கு, ஒரே ஒரு அடுப்பு வியாபாரி கொட்டகைக்கு வந்தாரு. அவருக்காகத் திரையத் தூக்கினோம். முழு நாடகமும் ஆடினோம். கடைசி வரியும் சொன்னோம். ஒருத்தர் உக்காந்தா அது அவைதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அவரா இஷ்டப்பட்டு உக்காரணும். வின்ஷிப், உக்காருவீங்களா?"

கேள்வி விளங்குகிறதா, சபையோரே? நான் அமர்ந்தால், ட்ராஸ்க்குக்கு ஓராண்டு வேலை. நான் அமராமல் வாசல் வழியே வெளியே நடந்தால், ட்ராஸ்க்குக்கும் வேலை இல்லை. எனக்கு? எப்படியும் இல்லை. எனக்குக் கிடைக்காதது அவருக்கும் கிடைக்காமல் செய்ய ஒரு வழி, அதுவும் வாயைத் திறக்காமல், விரலை அசைக்காமல், வெறுமனே நடந்து போனால் போதும்! முப்பது ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருந்த வரம். கொஞ்ச நேரம் நான் அங்கேயே நின்றேன்.

"யோவ் ட்ராஸ்க்," என்றேன், "நல்லா இல்லேன்னா நடுவுலயே எழுந்து போயிடுவேன்."

"டிக்கெட் வாங்காம வந்தவரு பேசற பேச்சா இது?" என்றார்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு அமர்ந்தேன். பிரென்டிஸ் கையைத் தலையில் வைத்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. மகனாக நடித்த இளைஞர் மீண்டும் வாசலுக்குப் போனார். நான் அமர்ந்திருந்தது அவருக்குச் சற்றே பின்னால். ஆகவே கதவு திறந்தபோது ட்ராஸ்க்கின் கண்கள் மகனையும் பார்த்தன, மகனைத் தாண்டி என்னையும் பார்த்தன.

எப்படி நடித்தார் என்று கேட்பீர்கள். என்ன சொல்வேன்? என்னிடம் அளவுகோல் எல்லாம் தயாராக இருந்தது. தோள் எங்கே தளர்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது, கை எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டு, குறை கண்டுபிடித்து, அந்தக் குறையோடு குளிர்காலத்தைக் கழிக்கலாம் என்றுதான் அமர்ந்தேன். கதவைத் திறந்தார். பார்த்தார். நடிப்பென்று நான் குறித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை, குழைவும் இல்லை. சமையலறையில் எதையோ பாதியில் விட்டுவிட்டு வந்த மனிதரின் முகம். பிறகு, அடுத்த அறைக்குக் கேட்கும் அளவுக்குக்கூடக் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"உள்ள வா. சூப் ஆறுது."

நான் எழுந்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள், அல்லது சிரியுங்கள், எனக்கு ஒன்றுதான். மேடையில் நரைத்தவன் நான். கண்ணீர் வர எந்தத் தைலம், இடி இடிக்க எந்தத் தகடு என்று எல்லாம் அறிந்தவன். அந்த வீட்டுக்குச் சுவரில்லை, அட்டை என்று தெரியும். அந்த வீட்டில் அடுப்பு இல்லை, சூப் இல்லை என்றும் தெரியும். தெரிந்தும், நாற்காலியை விட்டு எழுந்து, அந்த இளைஞரைத் தாண்டி, கதவை நோக்கி நடந்தேன். என்னை அழைத்தார்கள், போனேன், அவ்வளவுதான். ட்ராஸ்க் திகைக்கவில்லை. வேடத்தை விட்டு வெளியே வரவுமில்லை. கதவோரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

"என்னய்யா இது? எங்க போறாரு அவரு?" என்று பிரென்டிஸ் கத்தினார்.

"சாப்பிடப் போறாரு" என்றார் ட்ராஸ்க், திரும்பிப் பார்க்காமலே. "நாடகம் அரங்கேறிடுச்சு தம்பி. இனிமே எத்தனை தடவ வேணும்னாலும் சொல்றேன், கேளுங்க."

கதவுக்குப் பின்னால் சில கயிறுகள் தொங்கின, ஒரு வாளி இருந்தது. அங்கே நின்று நான் அழுதேன். வெளியே அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிக்காரர் "இன்னும் ஒரு தடவ" என்பார், அவர் சொல்வார். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே போக வேண்டும் போலிருந்தது. நான் ஏற்கெனவே உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அவருக்கு அந்த ஓராண்டு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த இலையுதிர் காலத்தில்தான் எனக்கு வேறு ஏதோ கிடைத்தது, அது போகட்டும். அந்த ஓராண்டு நாலாண்டாக நீண்டது. நீதிபதி, கர்னல், பாதிரியார், பணக்கார மாமா என்று எல்லாக் கிழவராகவும் அவரே வந்தார். அந்தப் படங்கள் ஓடிய தெருக்களில் நான் நடந்தேன். டிக்கெட் வாங்கி, உள்ளேயும் போனேன்.

அவரைப் பற்றி ஒரு பெரிய பேச்சுப் பேச வேண்டும் என்று தலைவர் எதிர்பார்க்கிறார். கலைக்குக் கோயில் கட்டினார், காலத்தை வென்றார் என்றெல்லாம் சொல்லலாம். சொல்லமாட்டேன். நடிகன் என்பவன் யார்? முழங்குகிறவனா? முகத்தில் சாயம் இழுக்கிறவனா? பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறவனா? என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். தன் சோற்றைப் பறிக்க வந்தவனை எதிரே உட்காரவைத்து, இல்லாத வீட்டுக்குள், இல்லாத அடுப்பின் முன், இல்லாத சூப்புக்கு எழுந்து வரச் செய்தானே, அவன் நடிகன்! ஆயிரம் பேர் கூடிய அவையை ஆட்டி வைத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பகைவன் ஒருவனே அவையாக அமர்ந்திருந்தபோது அவனை அசைத்தவர் எத்தனை பேர்?

திருமதி லூமிஸ் அம்மையாரே, நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. நான்தான் நம்பவில்லை. நம்பாததும் நல்லதுக்குத்தான். இளமையிலேயே ஒரு மாலை ஓய்வு கிடைத்து, அந்த மனிதர் நடிப்பதை நான் பார்த்திருந்தால், மறுநாள் காலையிலேயே யூட்டிகாவுக்கு ரயிலேறி, என் மாமாவின் குதிரைச் சேணக் கடையில் போய் உட்கார்ந்திருப்பேன். அவர் என்னைவிடச் சிறந்த நடிகர். இதை அவர் காது கேட்க ஒருநாளும் நான் சொல்லவில்லை. உங்கள் காது கேட்கச் சொல்லிவிட்டேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், இடையிடையே மறுத்துப் பேசிய அம்மையாருக்கும், மாடி வரிசையிலிருந்து சத்தம் கேட்டவருக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் பார்க்காதது போல் நடித்த தலைவருக்கும் என் நன்றி. எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.